அண்ணை விற்ற ட்ரெயிலர்

சட்பரி
18-04-2004

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் இவரும் சுகம். நீங்களும் ஞானாம்பிகை மச்சாளும் மகள் கஜந்தினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்களாக ஒரு வார்த்தை சொல்கிறீர்கள் இல்லையே. ரெலிபோன் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் "சரி தங்கச்சி, பேந்து கதைப்பம்" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த மூன்று வருடமும் எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் எழுதின அண்ணை எங்கே போனார் என்று இவரிடம் கேட்டேன். "நீ எழுதிப் பார், அவரும் எழுதுவார்" என்றார்.

உங்களிடம் வாங்கின ட்ரெயிலர், அந்தச் சில்லு வைத்த வீடு, பத்திரமாக வந்து சேர்ந்தது. இவரோடு முன்பு சுரங்கத்தில் வேலை செய்த கிறகரி தன்னுடைய பெரிய லொறியில் கொழுவி இழுத்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். நான் அன்று மாலையே உள்ளே போய் அலுமாரித் தட்டுகளுக்கெல்லாம் கடதாசி விரித்துவிட்டேன். இவர் கட்டிலில் படுத்துப் பார்த்து, "சிவநேசம், என்ர கால் முட்டேல்லை!" என்று பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

அவருக்குக் கண் இன்னும் குறைந்துவிட்டது, அண்ணை. நீரிழிவால் வந்தது, திருப்பி எடுக்கமுடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் எவ்வளவு தெரியும் என்று சொல்லமுடியாதாம். அதனால்தான் இந்த யூலையில் கஸ்பேப் பக்கம் போய்க் கடலோரத்தில் இரண்டு கிழமை இருக்கவேண்டும் என்று நிற்கிறார்.

ஓட்டப்போவது நான். ஒன்பது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு றோட்டில் பயமில்லை. ஆனால் பின்னால் தனியாக ஒரு பாரம் கொழுவிக்கொண்டு வருவது எனக்குப் புதிது. எங்களிடம் இருப்பதோ பழைய பிக்கப். ட்ரெயிலரைக் கொழுவுகிற ஹிட்ச்சை நன்றாகப் பார்த்து வாங்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் எதைப் போட்டு இழுத்தீர்கள்? சொன்னால் அதையே வாங்கிவிடுவேன்.

உங்கள் அன்புத் தங்கை,
சிவநேசம்


மொன்றியல்
29-04-2004

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டேன். கோபிக்காதே. ஆஸ்பத்திரியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளித் தள்ளி வீட்டுக்கு வந்தால் ரெலிபோனைத் தூக்கவும் கை ஏலாது. மச்சாள் இப்போது யூனிவர்சிட்டியில் துப்புரவு வேலை எடுத்திருக்கிறாள். எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பனி கரைந்து ஒரே சேறு. கஜந்தினிக்குப் பத்து வயதாகிறது. வீட்டிலும் பிரெஞ்சுதான்.

மச்சானின் கண்ணைப் பற்றி வாசித்துவிட்டு மனம் சரியில்லை. கடல் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ட்ரெயிலரில்தான் போகவேண்டுமா? ரயிலில் போனாலும் கடல் கடல்தானே. யோசித்துப் பார்.

நான் போட்ட ஹிட்ச் உனக்குச் சரிவராது. கடையில் இருப்பதில் நல்ல உறுதியானதாகக் கேட்டு வாங்கு.

அன்புடன் அண்ணன்,
சிவராசா


சட்பரி
11-05-2004

அன்புள்ள அண்ணைக்கு,

ட்ரெயிலரை எங்களுக்கு விற்றுவிட்டு ரயிலில் போகச் சொல்கிறீர்கள்! இவருக்கு வாசித்துக் காட்டினேன், வயிறு குலுங்கச் சிரித்தார்.

மூன்று சனிக்கிழமை கடைக்குப் போய் வந்ததில் நான் இப்போது அரைப் பண்டிதை. ட்ரெயிலரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக்கு நாக்கு என்றுதான் இங்கே பெயர். அந்த நாக்கு ஹிட்ச்சில் இறக்குகிற பாரம், மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாதாம். குறைந்தால் ஓடும்போது பின்பக்கம் வாலாட்டத் தொடங்குமாம். அதை நிறுக்கக் குளியலறைத் தராசே போதும் என்று கடைக்காரர் சொன்னார். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல்லிலும் மறுமுனையைத் தராசிலும் வைத்து, செங்கல் பக்கம் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் நாக்கை இறக்கினேன். தராசு காட்டினதை மூன்றால் பெருக்கினால் முந்நூற்றுத் தொண்ணூறு றாத்தல். எங்கள் ட்ரெயிலரின் மொத்தப் பாரத்துக்கு நானூற்று நாற்பதுக்குக் குறையாமல் வேண்டும். தண்ணீர்க் கலன்களையும் சட்டி பானைகளையும் பின்னுக்கிருந்து முன்னுக்கு மாற்றினேன், நானூற்றுத் தொண்ணூற்றைந்து வந்தது. இவர் பக்கத்தில் நின்று, "நீ ஏறி நிக்கேக்கை இந்தத் தராசு உண்மை சொல்லுதோ?" என்று பகிடி.

ஹிட்ச்சில் மூன்று விதம் காட்டினார். முதலாவது வெறும் உருண்டை. அதில் கொழுவினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன்சில்லு லேசாகி, ஸ்ரியறிங் பிடிப்பு விட்டுவிடும். இரண்டாவதில் இரண்டு உருக்குக் கம்பிகள் இருக்கின்றன. அவை பின்பாரத்தை நிமிர்த்தி முன்சில்லுக்கும் பங்கிட்டுவிடும். ஆட்டத்தை அடக்கத் தனியாக இன்னொரு சட்டம் பூட்டவேண்டும், றிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் இறங்கி அதைக் கழற்றவேண்டும். மூன்றாவதில் பாரம் பங்கிடுவதும் ஆட்டத்தை அடக்குவதும் அந்தக் கம்பிகளே. ஒன்றும் கழற்றத் தேவையில்லை. இரண்டாவதே எங்களுக்குப் போதும் என்கிறார் கடைக்காரர்.

நீங்கள் எதைப் போட்டீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை. எப்போதாவது ஆடியதா? ஓட்டினவருக்குத்தானே தெரியும்.

உங்கள் அன்புத் தங்கை,
சிவநேசம்


மொன்றியல்
20-05-2004

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்றாவதை வாங்கு. கடைக்காரன் என்ன சொன்னாலும் இரண்டாவது வேண்டாம், மூன்றாவது.

தொண்ணூறுக்கு மேலே ஓடாதே. பெரிய லொறி முந்தும்போது முதலில் உன்னைத் தன் பக்கம் இழுக்கும், பிறகு தள்ளும். ஆடத் தொடங்கினால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கவே மிதிக்காதே. அக்ஸிலரேற்றரில் இருந்து காலை எடு, ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாக அழுத்து. இதை எழுதி ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் ஒட்டி வை.

நான் போட்டது சாதாரண ஒன்று. எல்லா ட்ரெயிலரும் கொஞ்சம் ஆடும்தான்.

அன்புடன்,
அண்ணன்


சட்பரி
02-06-2004

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சொன்னபடியே மூன்றாவதை எடுத்தோம். ஆனால் பூட்ட ட்ரெயிலரைக் கொண்டுபோன இடத்தில் ஒரு சிக்கல். கடையில் இரும்பு ஒட்டுகிற கிழவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நாக்கின் வலப்பக்க இரும்பு ஒருமுறை முறுகி, அதை நிமிர்த்தி, வெட்டி ஒட்டி, மேலே கறுப்புப் பூசியிருக்கிறதாம். கம்பிகளின் விசை முழுக்க அந்த இடத்தில்தான் வந்து விழுமாம். எப்போது, எப்படி முறுகியது என்று தெரியாமல் பூட்டமாட்டேன் என்கிறார்.

எனக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. "எனது அண்ணையிடம் வாங்கினது" என்று சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். இவர், "அண்ணையைக் கேள், அவருக்கு முதல் வைச்சிருந்தவன் செய்திருப்பான்" என்கிறார். உங்கள்மேல் சந்தேகத்தில் கேட்கவில்லை, கிழவருக்குப் பதில் சொல்லத்தான். யூலை பத்தாம் திகதி புறப்படுவதாக இருக்கிறோம்.

அன்புத் தங்கை,
சிவநேசம்


மொன்றியல்
09-06-2004

அன்புத் தங்கச்சிக்கு,

மச்சான் சொன்னதுதான் சரி. நான் வாங்கும்போதே அந்த ஒட்டு இருந்தது. பழைய ஒட்டு. வேறொன்றும் எனக்குத் தெரியாது.

அண்ணன்


மொன்றியல்
20-06-2004

என் அன்புள்ள நேசம்,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. அது பொய்.

நேற்று வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் ரெலிபோன் எடுத்தேன். மச்சான் எடுத்தார். "அண்ணை, உங்கட கடிதம் கிடைச்சுது. பழைய ஒட்டுத்தான், பயமில்லை எண்டு கிழவனுக்குச் சொல்லிப்போட்டம். வாற கிழமை முடிவில பூட்டுவான்" என்றார். "சரி மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே நின்றேன். மச்சாள் வந்து, "இண்டைக்காவது எழுதுங்கோ" என்றாள். எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். அந்த ட்ரெயிலரை ஓர் அடியும் இழுக்காதே.

போன வருடம் கஜந்தினி சைக்கிளால் விழுந்து கையை முறித்தாள் என்று உனக்குச் சொன்னேன். அவள் சைக்கிளால் விழவில்லை.

நாங்கள் ட்ரெயிலர் வாங்கினபோது ஹிட்ச் வாங்க கஜந்தினியைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். என் பிரெஞ்சு உனக்குத் தெரியும், கட்டில் தள்ளுகிற அளவுக்குத்தான். கடைக்காரன் உனக்குச் சொன்ன அதே மூன்றையும் எனக்கும் காட்டினான். அவள் தமிழில் சொன்னாள்: "அப்பா, இந்த உருண்டை மட்டும் காணாதாம். வால் ஆட்டுமாம். கம்பி ரெண்டும் போடட்டாம்."

"தேவையில்லை எண்டு சொல்லு."

"அவர் திரும்பவும் சொல்றார் அப்பா, ஆபத்தாம்."

"விக்கிறவன் அப்பிடித்தான் சொல்லுவான். நீ சொல்லு, தேவையில்லை எண்டு."

அவள் சொன்னாள்.

ஓகஸ்டில் கடலோரத்தில் இருந்து திரும்பி வரும்போது ரிவியேர்-டு-லூப்புக்குக் கிட்ட, இருபதாம் நெடுஞ்சாலையில், இறக்கத்தில் ஒரு பெரிய லொறி முந்தியது. பின்பக்கம் ஒருமுறை இடப்பக்கம் போனது, பிறகு வலப்பக்கம், பிறகு நிற்கவே இல்லை. நான் பிரேக்கை மிதித்தேன். உன்னை மிதிக்காதே என்று எழுதினேனே, அது புத்தகத்தில் படித்தது இல்லை. ட்ரெயிலர் சுற்றி வந்து எங்கள் வான் வண்டியின் பக்கத்தில் இடித்தது. பள்ளத்தின் விளிம்பில் நின்றோம். மச்சாள் பிள்ளையின் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தாள். கஜந்தினியின் வலது கை கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில்.

பொலிஸ்காரர் வந்தார். அம்புலன்ஸ் வரும்வரை அவர் கேட்டதையெல்லாம் எனக்கு மொழிபெயர்த்தது யார் என்று நினைக்கிறாய்? அவள்தான். கை தொங்க, உதடு வெளிறி, ஒவ்வொரு கேள்வியாக. "அப்பா, உருண்டை மட்டுமோ போட்டனீங்கள் எண்டு கேக்கிறார்." ஓம் என்றேன். "கடையில ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ எண்டு கேக்கிறார்."

"இல்லையெண்டு சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து "நோன்", இல்லை என்றாள்.

வீட்டுக்கு வந்து சைக்கிள் கதையைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். உனக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலில் கேட்டவர்களுக்கு, எல்லோருக்கும் அவள் அதைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்காக ஒரு சொல்லும் மொழிபெயர்த்ததில்லை. வங்கிக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். பிரெஞ்சிலேயே பதில் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விடுவாள்.

நகரத்துக்கு வெளியே ஒருவனைப் பிடித்து நாக்கை நிமிர்த்தி ஒட்டி, பக்கத் தகட்டை மாற்றி, விற்கப் போட்டேன். மூன்று பேர் வந்தார்கள். மூவரும் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கிழமைதான் நீ ரெலிபோனில், "ஏன் அண்ணை வேற ஆக்களுக்கு? நான் எடுக்கிறன்" என்றாய். நீ குனிந்து பார்க்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், நேசம். அது தெரிந்துதான் தந்தேன். கிறகரி கொழுவிக்கொண்டு போனபோது, இனி நான் அதைப் பார்க்கத் தேவையில்லை என்று எனக்கு ஓர் ஆறுதல்கூட வந்தது.

மச்சானுக்கு எப்படிச் சொல்லுவாய் என்று தெரியவில்லை. சொல்லு.

சிவராசா


மொன்றியல்
11-07-2004

நேசம்,

என் கடிதம் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. நாலு தரம் ரெலிபோன் எடுத்தேன், பதிவு மெசினில்தான் போகிறது. நேற்று நீங்கள் புறப்படுவதாக இருந்த நாள். ட்ரெயிலருக்கு இங்கே ரூலொத் என்பார்கள். ஆஸ்பத்திரி றேடியோவில் அந்தச் சொல் வருகிறதா என்று நேற்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை வந்தது. கட்டிலை நடைபாதையில் விட்டுவிட்டு ஓடிப்போய் நேர்ஸிடம் கேட்டேன். அது ஏதோ விற்பனை விளம்பரமாம்.

ஏசியாவது ஒரு வரி எழுது.

அண்ணன்


பெர்சே, கஸ்பே
05-08-2004

அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ் தரிப்பிடத்தில், பிள்ளைகளை இறக்கிவிட்ட வெறும் பஸ்ஸுக்குள் இருந்து வாசித்தேன். கடைக்கு ரெலிபோன் எடுத்து வேலையை நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்குப் போய் இவரிடம், சாமான் ஒன்று வரப் பிந்துமாம் என்று சொன்னேன். வாயில் அது அவ்வளவு லேசாக வந்தது. பதினொரு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவரோ ஒவ்வொரு நாளும், "சாமான் வந்திட்டுதோ?" என்று கேட்டார். நீங்கள் என்னை ஆபத்தில் விட்டதைவிட, உங்கள் பொய்யை என் வீட்டுக்குள் கொண்டுவந்து நான் பேசவேண்டி வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் கஜந்தினியைத்தான் நினைத்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு அப்போது ஒன்பது.

பன்னிரண்டாம் நாள் உங்கள் கடிதத்தை இவருக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான்: "பிள்ளையின்ர கை இப்ப எப்பிடி?"

கை சரியாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவே இல்லை.

கிழவர் பழைய நாக்கை முழுக்க வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்துத் தந்தார். அதற்குமேல்தான் மூன்றாவது ஹிட்ச்சைப் பூட்டினோம். யூலை இருபத்தாறு புறப்பட்டோம். அடுத்த நாள் மொன்றியலைக் கடந்தபோது உங்கள் வீட்டுக்குப் பதினைந்து நிமிடத் தூரத்தில் இருந்தோம். இவர், "நிப்பாட்டுவமோ?" என்றார். நான் நிறுத்தவில்லை. மெசினில் உங்கள் குரல் கேட்டபோதும் எடுக்கவில்லை. வீட்டில்தான் இருந்தேன். மறைக்க விரும்பவில்லை.

ரிவியேர்-டு-லூப்பில் ஒரு லொறி முந்தியது. நீங்கள் எழுதினபடியே முதலில் இழுத்தது, பிறகு தள்ளியது. ட்ரெயிலர் அசையவில்லை, நேராக வந்தது. நான்தான் நடுங்கினேன். அடுத்த வெளிவழியால் இறங்கி நிறுத்திவிட்டு அழுதேன். இவர் என் தோளைத் தடவித் தடவி, "களைச்சுப் போனாய்" என்றார். களைப்பு இல்லை என்று அவருக்கும் தெரியும்.

இங்கே இவர் காலையில் கதிரையைக் கொண்டுபோய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழும்புகிறார். எவ்வளவு தெரிகிறது என்று நான் கேட்பதில்லை.

பதினாலாம் திகதி சனிக்கிழமை திரும்பி வரும்போது மொன்றியலைக் கடக்கிறோம். இந்த நீளத்தைக் கொண்டு கோட்-டெ-நெய்ஜுக்குள் வரமுடியாது, வீட்டுக்கு வர எனக்கு மனமும் இல்லை. டெக்காரி நெடுஞ்சாலையால் இறங்கினதும் ஒரு பெரிய மரச்சாமான் கடை இருக்கிறதல்லவா, அதன் கார் தரிப்பிடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு நிற்போம். கஜந்தினியைக் கூட்டி வாருங்கள். மச்சாளும் வரட்டும். இவருக்கு, அவளின் மாமாவுக்கு, அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கவேண்டுமாம்.

அதற்கு முதல் நீங்கள் ஒன்று செய்யவேண்டும். மாமாவுக்கும் மாமிக்கும் எல்லாம் தெரியும், இனி ஒருவருக்கும் சைக்கிள் கதை சொல்லத் தேவையில்லை என்று அவளுக்குச் சொல்லவேண்டும். கடையில் நடந்தது, றோட்டில் நடந்தது, பிழை யாருடையது, எல்லாம். நான் சொல்லமாட்டேன். மச்சாளைக்கொண்டும் சொல்விக்காதீர்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள்.

சொல்லாமல் வருவதென்றால் வரவேண்டாம். சொல்லிவிட்டு வந்தால் உங்களோடு என்ன கதைப்பது என்று எனக்கு இன்னும் தெரியாது. கதைக்காமலே நின்றாலும் நிற்பேன். மத்தியானச் சாப்பாடு நான் சமைத்துக் கொண்டுவருகிறேன், ஐந்து பேருக்கு.

சிவநேசம்